ஒரே குடும்பத்துக்கு ஏன் இத்தனை சாக்சனிகள்?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். பழைய ஜெர்மனி வரைபடத்தில் துரிங்கியா பகுதி மட்டும் ஏன் அப்படிச் சிதறிக் கிடக்கிறது? சாக்ஸ்-வைமர், சாக்ஸ்-கோத்தா, சாக்ஸ்-மைனிங்கன், சாக்ஸ்-கோபர்க், சாக்ஸ்-ஹில்ட்பர்க்ஹவுசன் என்று வருகிற சிற்றரசுகளை எல்லாம் ஒரே குடும்பம்தான் ஆண்டதா? அப்படியானால் பிரிக்கப் பிரிக்கப் பலம் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாமலா போனது? மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. முதல் இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் அது புரியும்.

யேனாவில் சட்ட வரலாறு படித்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரங்களோடுதான் என் வேலை. ஆண்டுகள், எந்த வட்டம் யாருக்குப் போனது, யார் எப்போது வாரிசில்லாமல் இறந்தார் என்பவை ஆவணத்தில் இருப்பவை, அவற்றை உறுதியாகச் சொல்வேன். ஏன் செய்தார்கள், மனதில் என்ன கணக்கு இருந்தது என்று வரும் இடங்களில் நான் சொல்வது ஊகம்தான், அங்கங்கே அதையும் சொல்லிவிடுகிறேன். போர் வரலாறு என் துறை அல்ல, அதனால் சண்டைகளை விரைவாகக் கடந்துவிடுவேன். என் முடிவை முதலிலேயே வைக்கிறேன்: அந்த வரைபடத்தைச் சிதறடித்ததில் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டது பாதிதான். வாரிசற்றுப்போன கிளைகளின் நிலத்தை மிச்சமிருந்த பங்காளிகள் மறுபடி மறுபடி கூறுபோட்டது மீதிப் பாதி. பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆம், எல்லாம் ஒரே குடும்பம். சாலே ஆற்றங்கரையில் இருக்கும் வெட்டின் கோட்டையின் பெயரால் வெட்டின் குடும்பம் என்கிறோம். 1089-லிருந்து மைசன் எல்லைப்புறம் இவர்கள் கைக்கு வந்தது. 1168 வாக்கில் ஃப்ரைபெர்க் அருகே வெள்ளி கிடைத்ததும் செல்வம் வந்தது. 1247-ல் துரிங்கியாவின் பழைய ஆட்சிக் குடும்பம் ஆண் வாரிசில்லாமல் முடிய, பல ஆண்டுச் சண்டைக்குப் பிறகு 1264-ல் துரிங்கியாவும் இவர்களுக்கு உறுதியானது. 1422-ல் விட்டன்பெர்க்கை ஆண்ட சாக்சனித் தேர்வாளர் குடும்பமும் அற்றுப்போனது. அடுத்த ஆண்டே புனித ரோமப் பேரரசின் தலைவராக இருந்த மன்னர் சிகிஸ்மண்ட் அந்த நிலத்தையும் பட்டத்தையும் வெட்டின்களுக்குக் கொடுத்தார். தேர்வாளர் என்றால் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவர். அவ்வளவு பெரிய பட்டம் கிடைத்ததும் குடும்பத்தின் எல்லா நிலத்துக்கும் மெல்ல மெல்ல சாக்சனி என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. டியூக் பட்டம் பிறக்கிற எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு என்பதால், துரிங்கியக் காட்டு ஓரத்தில் நாலு வட்டங்களை மட்டும் ஆண்டவரும் சாக்சனி டியூக்தான். தலைநகரின் பெயரைப் பின்னால் சேர்த்துத்தான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்ல முடிந்தது.

இனி எல்லோரும் தொடங்கும் இடத்துக்கு வருவோம்: 1485. எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் என்று இரண்டு சகோதரர்கள். சிறுவர்களாக இருந்தபோது, 1455-ல், குன்ஸ் ஃபான் காஃபுங்கன் என்ற வீரர் ஆல்டன்பர்க் கோட்டையிலிருந்து இருவரையும் கடத்திப்போனார், பிடிபட்டு ஒரே வாரத்தில் தலை இழந்தார். அந்தச் சகோதரர்கள்தான் இவர்கள். தந்தை இறந்த 1464-லிருந்து இருவரும் டிரெஸ்டனில் ஒரே அரண்மனையில் சேர்ந்தே ஆண்டார்கள். 1482-ல் சித்தப்பா வில்ஹெல்ம் மகன் இல்லாமல் இறந்து துரிங்கியாவும் கைக்கு வந்தபோது வெட்டின் நிலம் அதன் உச்சத்தில் இருந்தது. மூன்றே ஆண்டில் லைப்சிக்கில் அதைப் பிரித்துவிட்டார்கள். சாக்சனிச் சட்ட மரபுப்படி மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எர்ன்ஸ்ட் ஒரு பங்கை மைசனைச் சுற்றியும் இன்னொன்றைத் துரிங்கியாவைச் சுற்றியும் அமைத்தார். ஆல்பிரெக்ட் மைசனை எடுத்துக்கொண்டார். தம்பி துரிங்கியாவைத்தான் எடுப்பார் என்று அண்ணன் எதிர்பார்த்ததாகப் பல நூல்களில் வருகிறது. மைசன் பங்கு செழிப்பானது என்பதையும் அதை எடுப்பவர் ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டியிருந்ததையும் பார்த்தால் அது நம்பக்கூடியதுதான். ஆனாலும் அதை எதிர்பார்ப்பு என்ற அளவில் வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டு விஷயங்கள் அந்தப் பிரிவினைக்கு வெளியே நின்றன. ஒன்று, விட்டன்பெர்க்கும் அதைச் சுற்றிய தேர்வாளர் நிலமும். 1356-ன் பொன் முத்திரை ஆணைப்படி அதைப் பிரிக்கக் கூடாது, மூத்தவருக்கே போகும். மற்றது எர்ட்ஸ் மலையின் வெள்ளிச் சுரங்கங்கள். அவற்றை இருவருக்கும் பொதுவாகவே வைத்தார்கள். மிச்ச நிலத்தையும் நேர்கோடு போட்டுப் பிரிக்கவில்லை, ஒருவர் பங்கு மற்றவர் பங்குக்குள் நுழைந்து கிடந்தது. லைப்சிக் தம்பிக்கு, பக்கத்திலிருக்கும் கிரிம்மா அண்ணனுக்கு. குடும்பம் நிரந்தரமாகப் பிரியாமலிருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்பது பரவலான விளக்கம், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நோக்கம் எதுவாக இருந்தாலும் நடந்தது வேறு. அந்த இரு கிளைகளும் பிறகு ஒன்று சேரவே இல்லை. எர்ன்ஸ்டின் வழியை எர்னஸ்டைன் கிளை என்றும் ஆல்பிரெக்டின் வழியை ஆல்பர்டைன் கிளை என்றும் சொல்கிறோம்.

லைப்சிக் பல்கலைக்கழகம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதால் எர்ன்ஸ்டின் மகன் ஃபிரெடெரிக் 1502-ல் விட்டன்பெர்க்கில் ஒன்றைத் தொடங்கினார். லூதர் அங்கேதான் பேராசிரியராக வந்தார். 1517-ல் தொடங்கிய சமயச் சீர்திருத்தத்துக்குப் பாகப்பிரிவினைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது விட்டன்பெர்க் என்ற சிற்றூரில் தொடங்கியதற்கு 1485-ன் பிரிவினையும் ஒரு காரணம். லூதருக்குப் பாதுகாப்புக் கொடுத்த அதே கிளை 1547 ஏப்ரலில் மியூல்பெர்க் சண்டையில் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸிடம் தோற்றது. தேர்வாளர் யோஹான் ஃபிரெடெரிக் சிறைபட்டார். தேர்வாளர் பட்டமும் விட்டன்பெர்க்கும் பேரரசர் பக்கம் நின்ற ஆல்பர்டைன் கிளையின் மோரிட்ஸுக்குப் போயின. அதனால்தான் பின்னாளில் சாக்சனி நாடு என்று நாம் சொல்வது டிரெஸ்டனைச் சுற்றிய ஆல்பர்டைன் நிலம். மூத்த கிளை துரிங்கியாவில் ஒதுங்கியது. கேட்டவர் வரைபடத்தில் பார்த்த துண்டுகள் எல்லாம் அந்த மூத்த கிளையின் கதை.

இந்த இடத்தில் சட்டம் எப்படி வேலை செய்தது என்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது எதுவும் பிடிபடாது. இவர்கள் நிலம் பேரரசர் கொடுத்த மானியம். ஒருவர் வாரிசில்லாமல் இறந்தால் மானியம் பேரரசருக்கே திரும்ப வேண்டும். அதைத் தடுக்க, குடும்பத்தின் எல்லா ஆண்களும் ஒன்றாகச் சேர்ந்து மானியத்தைப் பெற்றுக்கொள்வார்கள். நிலத்தை அனுபவிப்பவர் ஒருவராக இருந்தாலும் உரிமையில் எல்லாப் பங்காளிகளின் கையும் இருக்கும். ஒரு கிளை அற்றுப்போனால் நிலம் வெளியே போகாது, அடுத்த பங்காளிக்குப் போகும். பிரிவினையிலும் தரங்கள் உண்டு. ஆட்சியைப் பொதுவாக வைத்துக்கொண்டு வருமானத்தை மட்டும் பிரிப்பது ஒன்று. நிலத்தையும் ஆட்சியையும் அடியோடு பிரித்துக்கொள்வது இன்னொன்று. நடுவில் எத்தனையோ சமரசங்கள். பங்கு போடும்போது ஒவ்வொரு வட்டத்தின் ஆண்டு வருமானத்தையும் கணக்கெடுத்து, கூட்டி, பங்குகள் சமமாகும்வரை வட்டங்களை இங்குமங்கும் நகர்த்துவார்கள். ஒரு பங்கில் வருமானம் குறைந்தால் தூரத்தில் இருக்கும் ஒரு வட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். வரைபடத்தில் தொடர்பே இல்லாமல் நிற்கிற தீவுகளில் பல இப்படிப்பட்ட கணக்குச் சரிக்கட்டல்கள்தான்.

பிரிக்காமல் விட்டவையும் இருந்தன. விட்டன்பெர்க்கை இழந்த பிறகு 1548-ல் தொடங்கி 1558-ல் பல்கலைக்கழகமான யேனா, எல்லா எர்னஸ்டைன் டியூக்குகளுக்கும் பொதுச் சொத்து. எல்லோரும் செலவில் பங்கு கொடுத்தார்கள், பேராசிரியர் நியமனத்தில் எல்லோருக்கும் சொல் உண்டு. குடும்பத்தின் பழைய ஆவணக் காப்பகம் வைமரில் பொதுவாகவே இருந்தது. ஆக, இவர்கள் தங்களைத் தனித்தனி நாட்டு மன்னர்களாக நினைத்தார்கள் என்பதைவிட, ஒரே சொத்தின் பங்குதாரர்களாக நினைத்தார்கள் என்பதே ஆவணங்களோடு ஒத்துப்போகிறது.

எல்லாப் பிரிவினையும் விரும்பிச் செய்ததும் அல்ல. சிறைபட்ட யோஹான் ஃபிரெடெரிக்கின் மூத்த மகன், இழந்த தேர்வாளர் பட்டத்தை மீட்கும் ஆசையில் கிரும்பாக் என்ற கலகக்காரருக்கு இடம் கொடுத்தார். 1567-ல் கோத்தா வீழ்ந்தது, கிரிம்மென்ஸ்டைன் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், அவர் 1595-ல் சாகும்வரை பேரரசரின் கைதி. தம்பி யோஹான் வில்ஹெல்ம் எல்லா நிலத்தையும் தானே வைத்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் 1572-ல் எர்ஃபர்ட்டில் அண்ணன் பிள்ளைகளுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க வைத்தார்கள். கோபர்கும் ஐசனாக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு, வைமர் தம்பிக்கு. பேரரசருக்கும் டிரெஸ்டனில் இருந்த ஆல்பர்டைன் தேர்வாளருக்கும் இதில் லாபம் இருந்தது, மூத்த கிளை இனி தலைதூக்காது. 1603-ல் மறுபடி அதே மாதிரி ஒரு பிரிவினை நடந்து ஆல்டன்பர்க் தனியானது. அதிலும் சிறு பிள்ளைகளுக்குக் காப்பாளராக இருந்தவர் டிரெஸ்டன் தேர்வாளர்தான்.

இதற்குப் பிறகுதான் இரண்டாவது பாதி தொடங்குகிறது. கோபர்கை ஆண்டவர் 1633-ல், ஐசனாக்கை ஆண்ட தம்பி 1638-ல், இருவரும் வாரிசில்லாமல் போனார்கள். இரண்டு நிலமும் ஆல்டன்பர்க்குக்கும் வைமருக்கும் பங்காயின. வைமரில் அப்போது மூன்று சகோதரர்கள். 1640-ல் வில்ஹெல்முக்கு வைமர், ஆல்பிரெக்டுக்கு ஐசனாக், எர்ன்ஸ்டுக்குக் கோத்தா என்று பிரித்தார்கள். நாலே ஆண்டில் ஆல்பிரெக்ட் வாரிசில்லாமல் இறக்க, அவர் பங்கு மற்ற இருவருக்கும் பிரிந்தது.

கோத்தாவுக்கு வந்த எர்ன்ஸ்டை பக்திமான் எர்ன்ஸ்ட் என்று அழைப்பார்கள். இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆட்சியாளர் இவர்தான், அதை மறைக்க விரும்பவில்லை. முப்பது ஆண்டுப் போர் முடிவதற்கு முன்பே, இடிக்கப்பட்ட கோட்டை இருந்த அதே மேட்டில் 1643-ல் ஃப்ரீடன்ஸ்டைன் அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். 1642-ல் அவர் வெளியிட்ட பள்ளி ஒழுங்குமுறை, கிராமத்துப் பிள்ளைகள் ஆண் பெண் எல்லோரையும் பள்ளிக்கு வரவழைத்தது. அவரிடம் பணியாற்றிய சட்ட வல்லுநர் ஒருவரின் மகன் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, கோத்தாவில் வளர்ந்தவர். அந்த ஃபிராங்கேதான் பிறகு ஹாலேயில் பள்ளிகளை நிறுவினார். அவரிடம் பயின்ற சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். இது கேள்விக்கு வெளியே போகிறது என்று தெரியும், ஆனாலும் தமிழில் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

1672-ல் ஆல்டன்பர்க்கின் கடைசி டியூக், பதினான்கு வயதுச் சிறுவன், இறந்தான். எர்ன்ஸ்டின் மனைவி எலிசபெத் சோஃபி அந்த ஆல்டன்பர்க் வீட்டுப் பெண், தந்தைக்கு ஒரே மகள். ஆண் வழி அற்றுப்போனால் மகளுக்குப் போகட்டும் என்று தந்தை எழுதிவைத்திருந்தார். அதைக் காட்டி எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்க் நிலத்தில் நான்கில் மூன்று பங்கை எடுத்துக்கொண்டார், வைமருக்கு நான்கில் ஒன்று. பெண்ணுக்கு நிலம் இல்லை என்ற விதிக்கு நடுவே ஒரு பெண்ணின் உரிமை இவ்வளவு பெரிய கணக்கை மாற்றியது இந்தக் குடும்பத்தில் அபூர்வம். ஆக 1672-ல் எர்னஸ்டைன் நிலத்தின் பெரும்பகுதி ஒரே மனிதர் கையில் மறுபடி சேர்ந்துவிட்டது.

அவருக்குப் பதினெட்டுப் பிள்ளைகள், அதில் ஏழு மகன்கள் பெரியவர்களாகி நின்றார்கள். நாட்டைப் பிரிக்காதீர்கள், மூத்தவன் தலைமையில் சேர்ந்து ஆளுங்கள் என்று உயில் எழுதிவைத்துவிட்டு 1675-ல் இறந்தார். பிள்ளைகள் முயற்சி செய்தார்கள். ஃப்ரீடன்ஸ்டைனில் ஒரே அரண்மனை, ஒரே சமையல். அது சில ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. 1680 பிப்ரவரியில் ஏழு பங்கு. மூத்த ஃபிரெடெரிக்குக்கு கோத்தா-ஆல்டன்பர்க், ஆல்பிரெக்டுக்குக் கோபர்க், பெர்ன்ஹார்டுக்கு மைனிங்கன், ஹைன்ரிக்குக்கு ரோம்ஹில்ட், கிறிஸ்டியனுக்கு ஐசன்பர்க், எர்ன்ஸ்டுக்கு ஹில்ட்பர்க்ஹவுசன், யோஹான் எர்ன்ஸ்டுக்கு சால்ஃபெல்ட். இந்த ஏழும் சம அந்தஸ்து கொண்டவை அல்ல. கோத்தா, கோபர்க், மைனிங்கன் மூன்றும்தான் முழு ஆட்சியுரிமை பெற்றன. மற்ற நான்கின் மேல் பல உரிமைகளைக் கோத்தா தன்னிடமே வைத்துக்கொண்டது. பேரரசின் மன்றத்தில் வாக்குகளும் பழைய நிலங்களோடு நிலைபெற்றுவிட்டதால், தம்பிகள் புதிதாகத் தொடங்கிய சிற்றரசுகளுக்குப் புதிய வாக்கு கிடைக்கவில்லை. பெயரில் டியூக், அதிகாரத்தில் அண்ணனைச் சார்ந்தவர். தம்பிகளின் மனக்கசப்புக்கு இது போதாதா?

ஏழில் மூன்று கிளைகள் ஒரே தலைமுறையோடு முடிந்தன. கோபர்க் ஆல்பிரெக்ட் 1699-ல், ரசவாதத்தில் பணத்தைக் கரைத்த ஐசன்பர்க் கிறிஸ்டியன் 1707-ல், ரோம்ஹில்ட் ஹைன்ரிக் 1710-ல், மூவரும் ஆண் வாரிசில்லாமல் இறந்தார்கள். மிச்சமிருந்த சகோதரர்களும் அவர்கள் பிள்ளைகளும் வியன்னாவில் பேரரசரின் நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். அது 1735 வரை இழுத்தது. கோபர்க் நகரம் சால்ஃபெல்டுக்கு, சோனெபெர்க் மைனிங்கனுக்கு, வேறு சில வட்டங்கள் ஹில்ட்பர்க்ஹவுசனுக்கு என்று தீர்ந்தது. ரோம்ஹில்ட் என்ற ஒரே ஒரு வட்டத்தை மட்டும் பாருங்கள்: அதில் மூன்றில் இரண்டு பங்கு மைனிங்கனுக்கு, மூன்றில் ஒரு பங்கு கோபர்க்-சால்ஃபெல்டுக்கு. ஒரு சிற்றூரையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் இரண்டு டியூக்குகள் பின்னக் கணக்கில் வைத்திருந்த நிலை 1826 வரை நீடித்தது. இதை அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பிரித்ததன் விளைவு என்று மட்டும் சொன்னால் பொருந்தாது. ஒரு கிளை செத்தபோதெல்லாம் அதன் நிலம் நாலு பக்கமும் சிதறியது.

சரி, மூத்தவனுக்கே முழு ஆட்சி என்று ஒரு விதி போட்டிருந்தால் என்ன? மற்றவர்கள் போட்டார்கள். பிராண்டன்பர்க் 1473-லேயே தேர்வாளர் நிலத்தைப் பிரிக்காமல் காத்தது. பவேரியா ஒரு கொடிய வாரிசுப் போருக்குப் பிறகு 1506-ல் அந்த விதிக்கு வந்தது. வெட்டின் குடும்பத்திலேயே தம்பி ஆல்பிரெக்ட் 1499-ல் ஏறக்குறைய அப்படித்தான் ஏற்பாடு செய்தார், டிரெஸ்டன் வலுவாக நின்றதற்கு அது ஒரு பெரிய காரணம். எர்னஸ்டைன்கள் ஏன் செய்யவில்லை? உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்களில் இளைய மகன்களை ஆயர் பதவிக்கும் மடங்களுக்கும் அனுப்பி வருமானமும் மரியாதையும் வாங்கித்தர முடிந்தது. லூதரன் குடும்பங்களுக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடிவிட்டது. இளையவர்களுக்கு மிஞ்சியது ராணுவப் பணி அல்லது நிலம். இன்னொன்று, எல்லாப் பிள்ளைகளும் தந்தைக்குச் சமம், ஒருவனுக்கு மட்டும் கொடுப்பது அநியாயம் என்ற மனச்சாட்சி. எர்ன்ஸ்ட் போன்ற ஆழ்ந்த பக்தி உள்ளவரிடம் இது பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் இதை எவ்வளவு தூரம் காரணமாக வைப்பது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. மூன்றாவது காரணத்தை நான் அதிகம் நம்புகிறேன்: கிளைகள் அடிக்கடி அற்றுப்போகும் என்பது அவர்களுக்கு அனுபவம். இன்று பிரித்தது நாளை எப்படியும் பங்காளிக்குத் திரும்பும் என்ற நம்பிக்கை இருக்கும்போது பிரிப்பது இழப்பாகத் தோன்றியிருக்காது.

விதி கடைசியில் வந்தது, ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக. ஏழு பங்கின் கசப்பைக் கண்ட கோத்தா 1685-லேயே கொண்டுவந்தது. வைமரில் 1720-களில், கோபர்கில் 1740-களில். மைனிங்கனில் 1800-ஐ ஒட்டித்தான் வந்தது. அதற்குள் அங்கே நடந்தது ஒரு தனிக் கதை. மைனிங்கனின் அன்டன் உல்ரிக், பட்டம் எதுவுமில்லாத ஒரு கேப்டனின் மகளான ஃபிலிப்பைன் எலிசபெத் சீசரை 1711-ல் ரகசியமாக மணந்துகொண்டார். 1727-ல் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் அந்தப் பிள்ளைகளை இளவரசர்களாக ஏற்றார். பங்காளிகள் விடுவார்களா? அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை இல்லையென்றால் மைனிங்கன் தங்களுக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்த்து வழக்காடி, 1740-களில் அந்தப் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை என்ற தீர்ப்பை வாங்கினார்கள். முதல் மனைவி இறந்த பிறகு, 1750-ல், அறுபதைக் கடந்த அன்டன் உல்ரிக் ஹெஸ்ஸன் குடும்பத்து இளவரசி ஒருவரை மணந்து எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். காத்திருந்த கோத்தாவுக்கு ஏமாற்றம். அந்த இரண்டாம் திருமணத்து மகன் கியோர்கின் பெண்தான் பிரிட்டன் மன்னர் நான்காம் வில்லியத்தின் மனைவி அடிலெய்ட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வைமரில் விதி வருவதற்கு முன்பு பெரியப்பா வில்ஹெல்ம் எர்ன்ஸ்டும் தம்பி மகன் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட்டும் ஒரே ஊரில், இரண்டு அரண்மனைகளில், கூட்டாக ஆண்டார்கள். பெரியப்பா தன் இசைக்கலைஞர்களை மற்ற அரண்மனையில் வாசிக்கக் கூடாது என்று தடுத்தார். அங்கே பணியில் இருந்தவர்களில் ஒருவர் யோஹான் செபாஸ்டியன் பாக். பணியை விட்டுப் போக அனுமதி கேட்டு விடாப்பிடியாக நின்றதற்காக 1717 நவம்பரில் ஏறக்குறைய ஒரு மாதம் அவரைச் சிறை வைத்தார்கள். சின்னச் சின்ன அரண்மனைகள் கலைக்கு நல்லது செய்தன என்று பலர் எழுதுவார்கள். கோத்தாவின் நூலகம், கவிஞர் கேத்தே 1775-ல் வந்து சேர்ந்த வைமர், இரண்டாம் கியோர்கின் மைனிங்கன் நாடகக் குழு எல்லாம் உண்மை. செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹில்ட்பர்க்ஹவுசன் அரண்மனைச் செலவிலேயே திவாலாகி, 1769-ல் பேரரசர் கடன் ஆணையம் ஒன்றை நியமித்து அதன் நிதியைக் கையில் எடுத்தார். அந்தச் செலவைச் சுமந்தவர்கள் வரி கட்டிய விவசாயிகள்.

கடைசிப் பெரிய மாற்றம் 1826-ல். முந்தைய ஆண்டு கோத்தா-ஆல்டன்பர்க் கிளை அற்றுப்போனது. மூன்று கிளைகள் உரிமை கோரின. டிரெஸ்டனில் ஆண்ட, ஆல்பர்டைன் கிளையின் சாக்சனி மன்னர் நடுவராக இருந்து, நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. ஹில்ட்பர்க்ஹவுசன் டியூக் தன் பழைய நிலத்தைக் கொடுத்துவிட்டு, குடும்பத்தோடும் அரண்மனைப் பணியாளர்களோடும் ஆல்டன்பர்க்குக்குக் குடிபோனார். ஹில்ட்பர்க்ஹவுசனும் சால்ஃபெல்டும் மைனிங்கனுக்கு, கோத்தா கோபர்குக்கு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் டியூக் குடியிருந்த ஊர் ஒரே நாளில் மாவட்ட ஊர் ஆனது. (அந்தச் சிற்றூர் அரண்மனையின் தெரேசே 1810 அக்டோபரில் பவேரிய இளவரசரை மணந்த விழாதான் மியூனிக்கின் அக்டோபர் விழாவுக்குத் தொடக்கம்.) அதன் பிறகு நான்கே நான்கு: 1815-ல் கிராண்ட் டச்சியான வைமர், மைனிங்கன், ஆல்டன்பர்க், கோபர்க்-கோத்தா. இவற்றில் பெரியது வைமர், சுமார் 3,600 சதுர கிலோமீட்டர். கோபர்க்-கோத்தா 2,000 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, அதுவும் நடுவில் வேறு நாட்டு நிலம் கிடக்க, இரண்டு துண்டாக.

அந்தச் சின்ன கோபர்க் வீட்டிலிருந்துதான் லியோபோல்ட் 1831-ல் பெல்ஜியத்தின் முதல் மன்னரானார், ஆல்பர்ட் 1840-ல் விக்டோரியாவை மணந்தார், இன்னொரு கிளை போர்ச்சுகலுக்கும் பல்கேரியாவுக்கும் போனது. ஆல்பர்ட்டின் தாய் லூயிசே கோத்தா டியூக்கின் ஒரே மகள். ஆல்பர்ட்டின் தந்தை 1826-ல் கோத்தாவைப் பெற்றது அந்தத் திருமணத்தின் சீதனமாக அல்ல, ஆண் பங்காளி என்ற உரிமையில். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரிட்டன் அரச குடும்பம் 1917-ல் வின்ட்சர் என்று மாற்றிக்கொண்ட பெயர் சாக்ஸ்-கோபர்க்-கோத்தாதான்.

1918-ல் எல்லா டியூக்குகளும் பதவி இழந்தார்கள். 1920 மே மாதம் துரிங்கியச் சிற்றரசுகள் சேர்ந்து ஒரே மாநிலமாயின. கோபர்க் மட்டும் சேரவில்லை. 1919 நவம்பரில் மக்கள் வாக்களித்து, ஏறக்குறைய 88 விழுக்காட்டினர் துரிங்கியாவில் சேர வேண்டாம் என்றார்கள். 1920 ஜூலையில் கோபர்க் பவேரியாவோடு இணைந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. கோபர்குக்குச் சொந்தமாகத் தள்ளிக் கிடந்த கியோனிக்ஸ்பெர்க் என்ற ஊரும் அதோடு சேர்ந்து பவேரியாவுக்குப் போனது. வைமருக்குச் சொந்தமாகப் பவேரியப் பக்கம் தீவாக நின்ற ஓஸ்ட்ஹைம் 1945-ல் பவேரியாவுக்கு வந்தது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபோது கோபர்கிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சோனெபெர்க் கிழக்கு ஜெர்மனியில் மாட்டிக்கொண்டது. 1735-ல் கோபர்க் ஒரு பங்காளிக்கும் சோனெபெர்க் இன்னொருவருக்கும் போனதால், 1920-ல் ஒன்று பவேரியாவிலும் மற்றது துரிங்கியாவிலும் இருந்தது. நடுவே போன அந்தக் கோட்டின் மேல்தான் பிறகு முள்வேலி வந்தது.